போக்கர்ல ஏஸ் ஜோடி வந்தாலும் ஒருத்தரும் கால் பண்ண (அதே காசைப் போட்டு கூட ஆட) மாட்டேங்கறாங்க!

கேள்வி: டல்லாஸ்ல சனிக்கிழமை தோறும் ஃப்ரெண்ட்ஸ் வீட்ல 1-2 டாலர் (சீட்டு போடறதுக்கு முன்னாடி ரெண்டு பேர் கட்டாயமா வெக்கற காசு) ஹோல்டெம் போக்கர் (ஆளுக்கு ரெண்டு சீட்டு, நடுவுல பொதுவா அஞ்சு) ஆடறோம். நான் ரீரெய்ஸ் (ஒருத்தர் ஏத்தினதுக்கு மேல ஏத்தறது) பண்றது ஏஸ், கிங், குயின் ஜோடி, இல்லன்னா ஏஸ்-கிங், இது வந்தா மட்டும்தான். பண்ணினதும் மொத்த டேபிளும் சீட்டை கீழ போட்டுடுது. சரி, அதிரடியா ஆடலாம்னு போன வாரம் பட்டன்ல (கடைசியா ஆடற இடம்) 7-6 ஸ்பேடை வெச்சு 12 டாலருக்கு ரெய்ஸ் பண்ணேன், பிக் பிளைண்ட் (கட்டாய 2 டாலர் வெச்சவர்) மட்டும் கால். ஃப்ளாப்ல (முதல் மூணு பொது சீட்டு) கிங்-9-4 விழுந்துச்சு, அதுல கிங்கும் 4-ம் ஸ்பேட். அவர் செக் (காசு போடாம விடறது), நானும் செக். டர்ன் (நாலாவது சீட்டு) 2, மறுபடி ரெண்டு பேரும் செக். ரிவர்ல (அஞ்சாவது சீட்டு) குயின் வந்ததும் மிச்சமிருந்த 140 டாலரையும் தள்ளிட்டேன், அவர் வெறும் 9 ஜோடியோட கால் பண்ணிட்டாரு. எங்க தப்பு?

பதில்: தம்பி, நீங்க சொல்ற அந்த நாலு கையும் சேத்து 39 தடவைக்கு ஒரு தடவைதான் வரும். வீட்டு ஆட்டத்துல மணிக்கு 25 கை போனாலே அதிகம், அப்போ ஒன்றரை மணி நேரம் சும்மா உக்காந்திருந்தவர் திடீர்னு காசை எடுத்து வெச்சா பக்கத்துல பஜ்ஜி சாப்பிடறவருக்குக் கூட புரிஞ்சிடும்ல.

அந்த 7-6 கைக்கு வருவோம். உங்ககிட்ட நிஜமாவே கிங் இருந்திருந்தா ரெண்டு தடவை செக் பண்ணிருப்பீங்களா? மாட்டீங்க. அவரும் அதைத்தான் யோசிச்சிருப்பாரு. அதுவும் பாட்ல (நடுவுல சேந்த காசு) இருந்ததே 25 டாலர், அதை எடுக்க 140 போட்டா நூத்துக்கு 85 தடவை அவர் ஃபோல்ட் பண்ணாதான் (சீட்டைப் போட்டுட்டு விலகினாதான்) கட்டுபடி ஆகும். அடிக்க வேண்டிய இடம் ஃப்ளாப்புங்க! அங்க 12 டாலர் போட்டிருந்தா மூணுல ஒரு தடவை அவர் விட்டாலே போதும், விடலன்னாலும் மிச்சம் 9 ஸ்பேட் இருக்கு, ரிவருக்குள்ள ஃப்ளஷ் (அஞ்சும் ஒரே ஜாதி) விழ கிட்டத்தட்ட 35 சதவீதம் வாய்ப்பு. கைல ஏதோ ஒரு வழி இருக்கும்போது அடிங்க, எல்லாம் போனப்புறம் கோவத்துல அடிக்காதீங்க.

ரீரெய்ஸுக்கு ஏஸ்-5, ஏஸ்-4 ஒரே ஜாதியா வந்தா அதையும் சேத்துக்கோங்க. ஒரு ஏஸ் உங்க கைல இருக்கறதால எதிராளிக்கு ஏஸ் ஜோடி வர 6 வழி 3 ஆயிடும், ஏஸ்-கிங் 16-ல இருந்து 12. அதுக்காக எந்தக் குப்பையையும் தூக்கிட்டு கிளம்பிடாதீங்க. உங்க டெக்சாஸ்காரர், போக்கர் ஆட்டக்காரர் டாயல் பிரன்சன் 1976, 1977 ரெண்டு வருஷமும் வேர்ல்ட் சீரிஸ் போக்கர் போட்டியோட கடைசி கைல 10-2 வெச்சுதான் ஜெயிச்சாரு, ஆனா ரெண்டு தடவையும் ரிவர்ல 10 வந்து ஃபுல் ஹவுஸ் (ஒரே எண் மூணு, இன்னொரு எண் ரெண்டு) ஆச்சு. நமக்கு அப்படி வராது :)

அப்புறம் அந்த 9 ஜோடிக்காரர்கிட்ட பிளஃப்பே (நல்ல சீட்டு இருக்கற மாதிரி ஏமாத்தறது) வேணாம், அவர் எதையும் விடற ஆள் இல்ல போல. உங்களுக்கு நல்ல சீட்டு வந்தப்ப மட்டும் அவருக்கு எதிரா பெருசா போடுங்க. ஏஸ்-5 வெச்சு மாட்டிக்கிட்டா வெக்கப்படாம சீட்டைத் திருப்பிக் காட்டிடுங்க, அதைப் பாத்தவங்கதான் அடுத்த வாரம் உங்க ஏஸ் ஜோடிய கால் பண்ணப் போறாங்க.