பாட்டி ஏற்றிய மெழுகுவர்த்தி பாஸ்போர்ட் வாங்கித் தருமா?

கேள்வி: நான் மதுரைக்காரன், ஸ்பெயினின் வலென்சியாவில் வேலை பார்க்கிறேன். மனைவி பிரேசிலின் ரெசிஃபியைச் சேர்ந்தவர், வேலை அனுமதியோடு இங்கே வந்து இரண்டு வருடம் தாண்டிவிட்டது. அவருடைய அம்மாவைப் பெற்ற பாட்டி வெள்ளி மாலைகளில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மெழுகுவர்த்தி ஏற்றுவாராம், பன்றி இறைச்சி தொடமாட்டாராம், வாசலிலிருந்து உள்பக்கமாகத்தான் வீடு பெருக்குவாராம். கட்டாயமாகக் கிறிஸ்தவ மதத்துக்கு மாற்றப்பட்ட செஃபார்டிக் (ஸ்பெயின், போர்ச்சுகல்) யூதர்களின் வழி நீங்கள், குடும்பப் பெயரும் பட்டியலில் இருக்கிறது, ஆறாயிரம் யூரோ கொடுத்தால் குடியுரிமை வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒரு ஏஜென்ட். நம்பலாமா?

பதில்: பணம் கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

முதலில் அந்தப் பெயர்ப் பட்டியல். ஸ்பெயின் அரசு அப்படி ஒன்றை வெளியிட்டதே இல்லை. 1497-ல் போர்ச்சுகல் மன்னர் மானுவல் யூதர்களைக் கட்டாய ஞானஸ்நானத்துக்கு உட்படுத்தியபோது அவர்களுக்குக் கிடைத்தது அக்கம்பக்கத்தில் இருந்த எல்லோருக்கும் இருந்த அதே பெயர்கள்தான், ஆகவே பெயரை மட்டும் வைத்து யாருடைய வம்சத்தையும் நிரூபிக்க முடியாது. பாட்டியின் பழக்கங்களும் ஒரு குறிப்புதான், ஆதாரம் ஆகாது. நம் ஊரில்கூட விளக்கு வைத்த பிறகு குப்பையை வெளியே தள்ளமாட்டோம், அதற்காக மதுரையை யாரும் யூத ஊர் என்று சொல்வதில்லையே!

சரி, சட்டம். ஸ்பெயினின் 12/2015 சட்டம் செஃபார்டிக் வம்சாவளியினருக்கு இங்கே வசிக்காமலேயே குடியுரிமை கேட்க வழி தந்தது, ஆனால் அந்தக் கதவு 2019 அக்டோபர் 1-ல் மூடிவிட்டது. போர்ச்சுகலில் 2015-லிருந்து யூத சமூகம் தரும் சான்றிதழே ஏறக்குறைய போதுமானதாக இருந்தது. 2022 செப்டம்பரிலிருந்து அங்கே பரம்பரைச் சொத்தோ வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து வந்துபோனதற்கான அடையாளமோ கேட்டார்கள், 2024 ஏப்ரலிலிருந்து மூன்று வருட சட்டப்பூர்வ வசிப்பும் வேண்டும் என்றார்கள், அதன் பிறகு அந்தத் தனி வழியையே எடுத்துவிடும் பேச்சும் வலுத்தது. உங்கள் ஏஜென்ட் பழைய சட்டத்தைப் புது விலைக்கு விற்கிறார், அவ்வளவுதான்.

அவர் உங்களிடம் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. ஸ்பெயின் சிவில் சட்டத்தின் 22-வது பிரிவு செஃபார்டிக் வம்சத்தவருக்கு இரண்டு வருட வசிப்பு போதும் என்கிறது, அதே வரியில் ஐபீரிய அமெரிக்க நாட்டவருக்கும் (ஸ்பெயின், போர்ச்சுகலின் ஆட்சியில் இருந்த அமெரிக்க நாடுகளைச் சேர்ந்தவர்களுக்கும்) அதே இரண்டு வருடம்தான், அதில் பிரேசிலும் அடங்கும்! உங்கள் மனைவி யூத வம்சத்தை நிரூபிக்கவே வேண்டாம், பிரேசில்காரர் என்பதே போதும். அந்த இரண்டு வருடமும் விண்ணப்பிக்கும் நாள்வரை இடைவெளி இல்லாத சட்டப்பூர்வ வசிப்பாக இருக்க வேண்டும், மாணவர் அனுமதியில் இருந்த காலம் கணக்கில் வராது. அரசியல் சாசனம், சமூக அறிவு பற்றிய தேர்வு ஒன்று இருக்கிறது, தாய்மொழி போர்ச்சுகீஸ் என்பதால் ஸ்பானிய மொழியில் ஏ2 என்னும் அடிப்படை நிலைத் தேர்வும் எழுத வேண்டும். இதற்கெல்லாம் ஆறாயிரம் யூரோ ஆகாது. மாறாக, போலி வம்சாவளிச் சான்றிதழ் வைத்து வாங்கிய குடியுரிமையைப் பதினைந்து வருடத்துக்குள் நீதிமன்றம் ரத்து செய்யலாம். தேவையே இல்லாத ஒரு பொய்யால், நேர்மையாகக் கிடைக்க வேண்டியதையும் இழக்காதீர்கள்.

பாஸ்போர்ட்டை விடுங்கள், மனைவிக்கு வேர்களைத் தேடும் ஆசை உண்மையிலேயே இருந்தால் அதற்கு ஏஜென்ட் எதற்கு? மதம் மாறியவர்கள் ரகசியமாகப் பழைய மதத்தைப் பின்பற்றுகிறார்களா என்று விசாரித்த மத விசாரணை மன்றம் பிரேசிலில் தனியாக இருந்ததில்லை, போர்ச்சுகலின் லிஸ்பன் மன்றம்தான் அங்கும் ஆட்களை அனுப்பியது. 1591-ல் பிரேசிலின் பாஹியாவுக்கும் பிறகு ரெசிஃபி இருக்கும் பெர்னம்புகோவுக்கும் வந்த விசாரணையாளரிடம் அக்கம்பக்கத்தார் சொன்ன புகார்களில் யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமை வேலை செய்யாதது, துணி மாற்றியது வரை பதிவாகியிருக்கிறது. லிஸ்பனின் டோரே டோ டொம்போ ஆவணக் காப்பகத்தில் அந்த வழக்குக் கட்டுகளில் நிறைய இப்போது இணையத்தில் இலவசமாகவே பார்க்கக் கிடைக்கின்றன. பாட்டியிலிருந்து மேல்நோக்கி ஞானஸ்நான, திருமணப் பதிவுகளை ஒவ்வொரு தலைமுறையாகப் பிடித்துப் போங்கள். எடுத்த எடுப்பிலேயே 1500-க்குத் தாவினால் ஏதாவதொரு அழகான கதைதான் கையில் மிஞ்சும்.

யூத மதத்துக்கே திரும்ப விரும்பினால் அது ரபி (யூத மதகுரு) ஒருவரிடம் பேச வேண்டிய விஷயம். யூதர்கள் இஸ்ரேலில் குடியேற வழி தரும் அந்நாட்டின் திரும்பிவரும் உரிமைச் சட்டம் 1970 திருத்தத்துக்குப் பிறகு யூதரின் பேரப்பிள்ளை வரைதான் செல்லும், ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய மூதாதையரை வைத்துக் கேட்க முடியாது. முறைப்படி மதம் மாறினால்தான் வழி பிறக்கும்.

உங்களுக்கு: இந்தியராகப் பத்து வருடம் காத்திருக்கத் தேவையில்லை. மனைவி ஸ்பானியரானதும் திருமணத்தை இங்குள்ள சிவில் பதிவகத்தில் பதிவு செய்துவிடுங்கள், அவர் ஸ்பானியராகி ஓராண்டு கழிந்ததும் நீங்கள் விண்ணப்பிக்கலாம். ஆனால் ஸ்பானியக் குடியுரிமை பெற்ற அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும், பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைத்துவிட்டு ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வாங்கிக்கொள்ளுங்கள். ஊரில் விவசாய நிலம் வாங்கும் எண்ணம் இருந்தால் அதை முன்னாடியே முடித்துவிடுங்கள், ஓசிஐ அட்டையை வைத்து வாங்க முடியாது.