வெட்டுக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள், நிறுத்த முடியுமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். என் கொழுந்தனாரைக் கடைத்தெருவில் வெட்டிக் கொன்ற சிசிடிவி காட்சியை ஒரு செய்திச் சேனலும் உள்ளூர் கேபிள் சேனலும் இரவு ஏழு மணிக்கு மறைக்காமல் பலமுறை போட்டன. அவர் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். யாரிடம் முறையிடுவது?

பதில்: அந்தப் பிள்ளைகளுக்கு நேர்ந்தது கொடுமை. சட்டமும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. சிறுவர்களுக்கு ஒவ்வாததை அவர்கள் அதிகம் பார்க்கும் நேரத்தில் ஒளிபரப்பக் கூடாது என்கிறது 1994 கேபிள் தொலைக்காட்சி விதிகளின் 6(5). ரத்தத்தையும் சடலத்தையும் மங்கலாக்காமல் காட்டக் கூடாதென்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2023 ஜனவரி 9 அன்று சேனல்களுக்கு அறிவுறுத்தியது. மனுவில் இரண்டையும் குறிப்பிடுங்கள்.

செய்திச் சேனல் விஷயத்தில் முதலில் அந்தச் சேனலுக்கே எழுத வேண்டும். நேரே டெல்லிக்கு எழுதினால் சுற்றிச் சேனலுக்கே வரும், நாள்தான் வீண். 24 மணி நேரத்தில் ஒப்புகை, 15 நாளில் முடிவு என்பது அதே விதிகளின் 2021 திருத்தம். முடிவு வராவிட்டாலோ, வந்தது போதாவிட்டாலோ, அடுத்த 15 நாளுக்குள் அந்தச் சேனல் சேர்ந்துள்ள, சேனல்கள் தாங்களே அமைத்துக்கொண்ட சுயக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு. அவர்களுக்கு 60 நாள் அவகாசம். அதற்கும் மேலேதான் அமைச்சகம்.

உள்ளூர் கேபிளுக்கு இத்தனை படி ஏற வேண்டாம். 1995 கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தின் 19-வது பிரிவில், மேலே சொன்ன விதிகளின் நிகழ்ச்சி நெறியை மீறிய ஒளிபரப்பைத் தடைசெய்யும் அதிகாரம் கலெக்டருக்கும் ஆர்.டி.ஓ.வுக்கும் (வருவாய்க் கோட்டாட்சியர்) உண்டு. மன்னார்குடி ஆர்.டி.ஓ. ஆபீஸில் மனு கொடுங்கள். இன்னொரு பிரதியைத் திருவாரூர் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

"டி.வி.யில் வன்முறை பெருகிவிட்டது" என்று பொதுவாக எழுதும் மனு எங்கும் நகராது. தேதி, மணி, நிகழ்ச்சி, எத்தனை முறை காட்டினார்கள், முகம் மறைத்தார்களா என்று எழுதுங்கள். மறுபடி போட்டால் சேனல் லோகோ தெரிய போனில் பதிவு செய்யுங்கள், ஆனால் வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். சாட்டிலைட் சேனல்கள் பதிவை 90 நாள் வைத்திருந்தால் போதும் என்பதால் இந்த வாரமே மனு போய்ச் சேரட்டும்.

இந்த வழியில் எச்சரிக்கை, மன்னிப்பு, அபராதம் வரை கிடைக்கலாம். இழப்பீடு வேண்டுமென்றால் தனியே சிவில் வழக்குத்தான். பிள்ளைகளில் யாராவது கொலையை நேரில் பார்த்த சாட்சியாக இருந்து, அவர்கள் பெயரையோ படத்தையோ பள்ளியையோ காட்டியிருந்தால் அது தனிக் குற்றம்: 2015 இளைஞர் நீதிச் சட்டம், 74-வது பிரிவு. ஆறு மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தப் புகாரைப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுங்கள்.