போர்னா அப்படித்தானா?

கேள்வி: போர் நடக்குற இடத்துல பொண்ணுங்களுக்கு நடக்குற கொடுமைய "போர்னா அப்படித்தான்"னு சொல்றாங்களே, சட்டமே கிடையாதா?

பதில்: இருக்குங்க. ஆப்பிரிக்காவுல இருக்குற ருவாண்டா நாட்டு இனப்படுகொலை வழக்குல 1998லயே, ஒரு இனத்தை அழிக்கணும்னு செய்ற பாலியல் வன்முறையும் இனப்படுகொலைதான்னு அகாயேசுங்கிற முன்னாள் மேயருக்கு எதிரா சர்வதேச கோர்ட் தீர்ப்பு குடுத்துச்சு, 2008ல ஐநா பாதுகாப்பு கவுன்சிலும் 1820ஆம் தீர்மானத்துல இது போர்க்குற்றம் ஆகலாம்னு சொல்லிருச்சு. ஆனா பேப்பர்ல இருந்து என்ன, பாலியல் வன்முறை நடந்த 72 மணி நேரத்துக்குள்ள எச்ஐவி தடுப்பு மருந்தை ஆரம்பிக்கணும், அவசர கர்ப்பத்தடை மாத்திரைக்கு அஞ்சு நாள்தான் டைம், ரோடெல்லாம் அடைச்சு கிடக்கும்போது, ஆஸ்பத்திரியே இடிஞ்சு கிடக்கும்போது பாதிக்கப்பட்ட பொண்ணு எங்க போவா? அப்படியே போய் சேர்ந்தாலும் முதல்ல போலீஸ் பேப்பர் கேக்குறவங்கள என்ன சொல்ல! முதல்ல சிகிச்சை, கேஸ் குடுக்குறதா வேணாமாங்கிறது அவ முடிவு.