செல்லைக் கொல்வது கிருமியா, செல்லேவா?

கேள்வி: செல்லுக்குள் குடியிருந்து பெருகும் பாக்டீரியா அந்தச் செல்லையே ஏன் சாகடிக்கிறது? இருக்க இடம் போய்விடாதா?

பதில்: பல நேரங்களில் செல்தான் தன்னை மாய்த்துக்கொள்கிறது. சால்மோனெல்லா, ஷிகெல்லா போன்றவற்றின் வெளிச்சவ்வில் எல்.பி.எஸ் என்ற கொழுப்புச் சர்க்கரை உண்டு. அது சைட்டோசாலில் (செல்லின் உட்திரவத்தில்) தென்பட்டால் காஸ்பேஸ்-4 என்ற, புரதம் வெட்டும் நொதி அதை நேரடியாகப் பற்றிக்கொள்ளும். பாக்டீரியா நீந்த உதவும் கசையிழையின் புரதமோ, அது தன் புரதங்களைச் செல்லுக்குள் செலுத்தும் ஊசியின் புரதமோ உள்ளே வந்தால் என்.எல்.ஆர்.சி-4 இன்ஃபிளமசோம் என்ற எச்சரிக்கைப் புரதத் தொகுதி கூடி, காஸ்பேஸ்-1 விழித்துக்கொள்ளும். இரண்டு காஸ்பேஸ்களும் வெட்டுவது ஒரே புரதத்தை: கேஸ்டெர்மின்-டி. வெட்டுப்பட்ட துண்டுகள் வளையமாகச் சேர்ந்து, செல்சவ்வில் சுமார் 20 நானோமீட்டர் அகலத் துளை போடும். இன்டர்லூகின்-1 பீட்டா என்ற சைகைப் புரதம் அதன் வழியே வெளியேறி அழற்சியைக் கூட்டும்; தண்ணீர் உள்ளே பாய்ந்து செல் வீங்கும். வீக்கம் தாளாமல் தானாக வெடிக்கிறது என்றுதான் நெடுநாள் நினைத்தார்கள். சவ்வைக் கிழிக்க நிஞ்சுரின்-1 என்று தனிப் புரதமே இருப்பது 2021-ல் தெரிந்தது. இந்தச் சாவுக்குப் பெயர் பைராப்டோசிஸ்.

கேள்வி: அப்போப்டோசிஸும் இதுவும் ஒன்றா?

பதில்: இல்லை. அப்போப்டோசிஸும் செல் தன்னை மாய்த்துக்கொள்வதுதான்; ஆனால் அதில் செல் சுருங்கி, சவ்வு கிழியாமல் பொட்டலங்களாகும்; அக்கம்பக்கத்துச் செல்கள் விழுங்கிவிடும். அழற்சி வராது. ஷிகெல்லா தொற்றிய மேக்ரோபேஜ் (கிருமிகளை விழுங்கும் வெள்ளணு) சாவதை 1992-ல் அப்போப்டோசிஸ் என்றே எழுதினார்கள். காஸ்பேஸ்-1 சாவு வேறு வகை என்று தெளிந்து, பைராப்டோசிஸ் என்ற சொல் வந்தது 2001-ல்.

கேள்வி: பாக்டீரியா இதைத் தடுக்காதா?

பதில்: தடுக்கும், ஆனால் நேரம் பார்த்து. ஷிகெல்லா மேக்ரோபேஜைச் சாகவிட்டு வெளியேறும். குடல் செல்லில் தங்க வேண்டும் என்பதால் அங்கே ஆஸ்ப்-சி3 என்ற புரதத்தால் காஸ்பேஸ்-4ஐ முடக்கும். லிஸ்டீரியா இன்னும் நுணுக்கமானது. செல் தன்னை விழுங்கி அடைத்த பையைத் துளைக்கும் அதன் லிஸ்டீரியோலைசின் புரதம் அந்த அமிலப் பைக்குள் மும்முரமாக வேலை செய்யும். சைட்டோசாலுக்கு வந்தபின் அடக்கப்படும். இந்த அடக்கம் கெட்ட திரிபுகள் செல்லைக் கொன்று தாமும் வெளியே சிக்கிக்கொள்வதால், எலிகளில் அவற்றின் வீரியம் வெகுவாகக் குறைகிறது. காசநோய்க் கிருமிக்கு அப்போப்டோசிஸ்தான் ஆகாது: பொட்டலத்தோடு விழுங்கப்பட்டு அதுவும் அழியக்கூடும். அதனால் வீரியமுள்ள வகைகள் செல்லை, சவ்வு கிழிந்து சாகும் நெக்ரோசிஸ் பக்கம் தள்ளுகின்றன.

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் மேக்ரோபேஜில் சால்மோனெல்லாவை ஏற்றி, சாகும் செல்லிலிருந்து வெளிவரும் எல்.டி.எச் என்ற நொதியை அளக்கிறோம். ஒரு நாள் எக்கச்சக்கமாக வருகிறது, ஒரு நாள் ஒன்றுமே இல்லை. பிழை எங்கே?

பதில்: முதலில் வளர்ப்பைப் பாருங்கள். இரவு முழுக்க வளர்த்ததை அப்படியே ஏற்றினால் ஊசிக் கருவி போதிய அளவு இருக்காது. புது ஊடகத்தில் நீர்த்து 3 மணி நேரம் வளர்த்தபின், ஒரு செல்லுக்கு 10 பாக்டீரியா என்று ஏற்றுங்கள். ஊடகத்தில் சேர்க்கும் சீரத்திலேயே எல்.டி.எச் உண்டு, 1 சதவீதத்துக்குக் குறையுங்கள், செல் இல்லாத ஊடகத்தின் அளவையும் கழியுங்கள்.

எல்.டி.எச் 140 கிலோடால்டன் எடையுள்ள பெரிய மூலக்கூறு. கேஸ்டெர்மின் துளையில் எளிதில் நுழையாது, சவ்வு கிழிந்தால்தான் வரும். சீக்கிரமே அளந்தால் துளை விழுந்தும் எல்.டி.எச் காட்டாது, அப்போது துளை வழியே நுழையக்கூடிய புரோப்பிடியம் அயோடைடு என்ற சாயம் ஏறுகிறதா என்று பாருங்கள். எல்.டி.எச் ஏறியதாலேயே பைராப்டோசிஸ் என்று எழுதிவிடவும் வேண்டாம், நெக்ரோசிஸிலும் ஏறும். புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் 53 கிலோடால்டன் கேஸ்டெர்மின்-டி 31 ஆக வெட்டுப்பட்டிருக்க வேண்டும்.

செல்லுக்கு வெளியே மிஞ்சிய பாக்டீரியாவைக் கொல்ல ஊற்றும் ஜென்டாமைசின் மருந்தும் ஏமாற்றும். முழுச் செல்லுக்குள் அது அவ்வளவாகப் போகாது, துளை விழுந்த செல்லுக்குள் தாராளமாகப் போகும். உள்ளிருக்கும் பாக்டீரியா மருந்தில் சாகும். தட்டில் காலனி குறையும். செல் கிருமியை அழித்துவிட்டது என்று நீங்கள் எழுதிக்கொள்வீர்கள்.