டென்வர் லேக்சைடு பூங்கா: எது நிஜப் பழசு?

கேள்வி: கோடையில் டென்வரில் மகள் வீட்டுக்குப் போகிறோம். அங்கே ஏரிக்கரையில் நூறு வருஷப் பொழுதுபோக்குப் பூங்கா இருக்கிறதாம். "பெயின்ட் உரிந்து கிடக்கும், எலிட்ச் பூங்காவுக்குப் போகலாம், அது இன்னும் பழசு" என்கிறார் மாப்பிள்ளை. எனக்கோ பழைய கட்டடம் என்றால் உயிர். ஆறு வயதுப் பேரனும் வருகிறான். எங்கே போகலாம்?

பதில்: லேக்சைடுக்கே போங்கள். எலிட்ச் 1890-இல் தொடங்கியது என்பது சரிதான். ஆனால் 1990-களில் அதை நகர மையத்துக்கு மாற்றிவிட்டார்கள். லேக்சைடு 1908-இல் திறந்த அதே இடத்தில், அதே ஏரிக்கரையில் இருக்கிறது.

அப்போது அதன் பெயர் 'வெள்ளை நகரம்'. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் வெள்ளைக் கட்டடங்களை மின்விளக்கில் ஜொலிக்க விட்டார்கள். அதைப் பார்த்து அமெரிக்கா முழுக்க அதே பெயரில் பூங்காக்கள் முளைத்தன. டென்வரில் இதை முன்னின்று கட்டியவர் அடால்ஃப் சாங், பீர் ஆலைக்காரர். நகரத்தின் மதுக் கட்டுப்பாடு தொல்லையாக இருந்ததால், 1907-இல் பூங்காவுக்கென்றே 'லேக்சைடு' என்று தனி ஊராட்சியே அமைத்துக்கொண்டார்கள். இன்றும் அது தனி ஊர்தான், குடியிருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்!

1930-களில் பென் க்ராஸ்னர் பூங்காவை வாங்கினார். ஏரிக்கு மகள் ரோடாவின் பெயரை வைத்தார். பின்னாளில் அந்த மகளே பூங்காவை நடத்தினார். கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் க்ரௌதரைக் கொண்டு ராட்டினங்களின் டிக்கெட் கவுன்டர்களை வளைந்த முகப்பும் நியான் விளக்குமாக மாற்றியதும் க்ராஸ்னர்தான்.

ஆக, பழசைக் கண்டுபிடிக்க என் கைக்கணக்கு இது: வரிசை வரிசையாகக் குண்டு பல்பு என்றால் 1908; நியான் குழாய் என்றால் க்ராஸ்னர் காலம். நூற்றுக்கு நூறு பொருந்தாது, ஆனால் உதவும். நுழைவாயிலில் 150 அடி உயரத்துக்கு நிற்கும் கோபுரம் முதல் வகை. விளக்கு எரியும்போது பார்க்கவென்றே கட்டியது அது. அதனால் சாயங்காலம் போங்கள். ஒரு சங்கடம், கோடையில் அங்கே இருட்ட எட்டரை மணி ஆகிவிடும். பேரனை மதியம் தூங்க வைத்துவிடுங்கள்.

அவனுக்கு முதலில் குடை ராட்டினம். மரத்தில் செதுக்கிய விலங்குகள், அதுவும் 1908 காலத்தது. அப்புறம் ஏரியைச் சுற்றும் குட்டி ரயில். அதன் இரண்டு நீராவி எஞ்சின்கள் 1904 செயின்ட் லூயிஸ் கண்காட்சியிலிருந்து வந்தவை. எல்லா நாளும் அவற்றை ஓட்ட மாட்டார்கள், டீசல் எஞ்சினும் வரும், கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள். 1940-இல் கட்டிய 'சைக்ளோன்' மர ரோலர் கோஸ்டர் ஓடுகிறதா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். ஓடாவிட்டாலும் அந்த மரச் சட்டங்களைக் கிட்டே போய்ப் பாருங்கள்.

பெயின்ட் சில இடங்களில் உரிந்துதான் இருக்கும். மாப்பிள்ளை சொன்னதில் அது சரி.