வீட்டில் எல்லோருக்கும் அரிப்பு: மருந்து சுவருக்கா, உடம்புக்கா?

கேள்வி: சென்னைப் புறநகரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். சில வாரங்களாக எனக்கும் மகளுக்கும் மாமியாருக்கும் ராத்திரி ஆனால் தாங்க முடியாத அரிப்பு. கணவருக்கு ஒன்றும் இல்லை. ஏசியின் வெளி யூனிட்டுக்கு அடியில் புறா கூடு கட்டியிருக்கிறது. அதிலிருந்து வரும் பூச்சிதான் என்று ஆள் வைத்து இரண்டு முறை மருந்து அடித்தோம், குறையவில்லை. தீபாவளிக்கு வந்துபோன மகன், ஹாஸ்டலில் தனக்கும் அரிக்கிறது என்கிறான். அவன் பெட்டியோடு பூச்சி போய்விட்டதா? மெத்தையை மாற்ற வேண்டுமா?

பதில்: மெத்தையை மாற்ற வேண்டாம். மூன்றாவது முறை மருந்தும் அடிக்க வேண்டாம். பூச்சி உங்கள் மகனோடு போகவில்லை, பெரும்பாலும் மகனோடு வந்திருக்கிறது. நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பது அச்சு அசலாகச் சிரங்கு, அதாவது ஸ்கேபிஸ்.

இதில் எல்லோரையும் குழப்புவது நாள் கணக்கு. சிரங்குப் பூச்சி முதல்முறை ஒருவர் உடம்பில் ஏறினால் உடனே அரிக்காது. பூச்சிக்கும் அதன் முட்டைக்கும் கழிவுக்கும் உடம்பு ஒவ்வாமை காட்டத் தொடங்க 4 முதல் 6 வாரம் ஆகும். அதனால்தான் மகன் வந்துபோனதையும் உங்கள் அரிப்பையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. பக்கத்தில் படுத்தவர்கள், நெடுநேரம் உடம்போடு உடம்பு ஒட்டியிருந்தவர்களுக்குத்தான் இது பொதுவாகத் தொற்றும். மாமியாரும் மகளும் ஒரே பாயில் படுப்பவர்களாக இருந்தால் ஆச்சரியமில்லை. கணவர் தப்பித்துவிட்டார் என்றும் நினைக்காதீர்கள், அவருக்கு இன்னும் நாள் இருக்கிறது.

புறாக்கூட்டுப் பூச்சியும் கடிக்கும், பொய்யில்லை. கோழிக்கூட்டில் கைவிட்டால் ஏறுமே கோழிப்பேன், அந்த வகைதான். ஆனால் அது மனித உடம்பில் குடித்தனம் நடத்தாது. கடித்துவிட்டு இறங்கிவிடும். குஞ்சுகள் பறந்துபோன பிறகுதான் பெரும்பாலும் இரை தேடி உள்ளே வரும். ஜன்னல் விளிம்பில் ஊசிமுனை அளவில் புள்ளிகள் ஊர்வது கண்ணுக்கே தெரியும், செல்லோடேப்பால் ஒற்றி எடுக்கலாம். அப்படி எதுவும் சிக்கவில்லை என்றால் புறாவை விட்டுவிடுங்கள். தூசியில் வாழும் பூச்சி கடிப்பதே இல்லை. அதனால் வருவது தும்மலும் இழுப்பும்.

சரி, சிரங்குதானா என்று எப்படிப் பார்ப்பது? நல்ல வெளிச்சத்தில் விரல் இடுக்கு, மணிக்கட்டின் உட்புறம், அக்குள், தொப்புளைச் சுற்றி, இடுப்பு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களைப் பாருங்கள். அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை, பென்சிலால் லேசாகக் கீறியதுபோல் வளைந்த சாம்பல் நிறக் கோடு தெரிந்தால், அதுதான் பெண் பூச்சி தோலின் மேலடுக்கில் தோண்டிய வளை. ஃபவுன்டன் பேனா மையை அதன்மேல் தடவி ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால், மற்ற இடமெல்லாம் சுத்தமாகி, கோட்டில் மட்டும் மை தங்கும். தோல் டாக்டர்கள் நாங்கள் டெர்மோஸ்கோப், அதாவது தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி, வைத்துப் பார்க்கும்போது கோட்டின் முனையில் சின்னப் பழுப்பு முக்கோணம் ஒன்று தெரியும். அது பூச்சியின் தலைப்பக்கம். இவ்வளவு அவதிக்கும் ஒருவர் உடம்பில் இருப்பது சாதாரணமாக 10, 15 பூச்சிகள்தான்.

மருந்து எளிது, போடும் விதத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். டாக்டரிடம் காட்டி உறுதி செய்தபின், 5 சதவீத பெர்மெத்ரின் கிரீமை ஒரே ராத்திரியில் வீட்டில் எல்லோரும் போட வேண்டும், அரிப்பில்லாத உங்கள் கணவர் உட்பட. ஒருவர் இன்று, மற்றவர் ஞாயிற்றுக்கிழமை என்றால் பூச்சி ஆள் மாறி ஆள் சுற்றிக்கொண்டே இருக்கும். அரிக்கும் இடத்தில் மட்டும் தொட்டு வைப்பது வீண். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகத்தடி, தொப்புள், பின்புற இடுக்கு எல்லாம் தடவி, 8 முதல் 14 மணி நேரம் விட்டுக் குளிக்க வேண்டும். நடுவில் கை கழுவினால் கையில் மறுபடி தடவுங்கள். பெரியவருக்குக் கிட்டத்தட்ட 30 கிராம் பிடிக்கும். வயதானவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் தலை, முகத்திலும் தேவைப்படும், டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. ஐவர்மெக்டின் மாத்திரையும் உண்டு, எடையைப் பார்த்துத்தான் தருவோம். கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைவான குழந்தைகளுக்கும் தருவதில்லை.

உடம்பை விட்டு இறங்கிய பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. ஆகவே கடைசி மூன்று நாள் உடுத்திய துணி, படுக்கை விரிப்பு, துண்டை மட்டும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போட்டால் போதும். துவைக்க முடியாத கம்பளியை பிளாஸ்டிக் பையில் ஒரு வாரம் கட்டி வையுங்கள். மகனும் அறை நண்பர்களும் அங்கேயே சேர்ந்து மருந்து போட்டுவிட்டுத்தான் அடுத்த முறை ஊருக்கு வர வேண்டும்.

மருந்து போட்ட மறுநாளே அரிப்பு நிற்காது. பூச்சி செத்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் இருக்கும், அதற்கு அரிப்பு மாத்திரை போதும். இந்த நேரத்தில்தான் பலர் மெடிக்கலில் ‘படைக்கு’ என்று கேட்டு ஸ்டீராய்டு கலந்த கிரீமை வாங்கிப் பூசுகிறார்கள். பூசினால் தடிப்பு அடங்கும், பூச்சி இருந்தால் அது பாட்டுக்குப் பெருகும். மண்ணெண்ணெய், நாய்க்குப் போடும் மருந்து எதுவும் கூடாது. வேப்பிலை மஞ்சள் அரைத்துப் பூசுவது ஆசைக்குச் சரி, பெர்மெத்ரினுக்குப் பதிலாக இல்லை.

நான்கு வாரம் தாண்டியும் புதிய கோடுகள் வந்தால் மறுபடி காட்டுங்கள். மாமியார் விஷயத்தில் மட்டும் தாமதிக்க வேண்டாம். உடல் தளர்ந்தவர்களுக்குச் சில சமயம் அரிப்பு குறைவாகவும், செதில் செதிலாகத் தோல் தடித்தும் போகும். அந்த நிலையில் பூச்சிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும், கிரீம் மட்டும் போதாது. மகளுக்குச் சொறிந்த இடம் சீழ் பிடித்தால் அதற்கும் தனியாக மருந்து வேண்டும். முகம் வீங்கினாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ அந்தச் சீழ்ப்புண்ணால் சிறுநீரகம் பாதித்திருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.