கிளைசின் படிகத்தின் அகச்சிவப்பு நிறமாலையில் 1700-க்கு மேல் கார்பாக்சில் பட்டை ஏன் தோன்றவில்லை?

நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு. கடலூரில் முதுகலை ஆய்வேட்டுக்காகக் கிளைசின் என்ற அமினோ அமிலத்தையும் சோடியம் குளோரைடையும் நீரில் கரைத்து, மெல்ல ஆவியாகவிட்டு வளர்த்த படிகத்தில் கார்பாக்சில் தொகுதிக்குரிய பட்டை ஏன் காணப்படவில்லை என்பது ஒன்று. 1585, 1490, 1395, 929, 889 ஆகிய இடங்களில் கிடைத்த பட்டைகளைக் கொண்டு இதைப் புதிய சேர்மம் என்று எழுதலாமா என்பது மற்றொன்று. (பட்டை என்பது மாதிரி அகச்சிவப்பு ஒளியை உட்கவரும் இடம். இங்கு நான் தரும் எண்கள் எல்லாம் ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை அலைகள் அடங்கும் என்பதைக் குறிக்கும் அலையெண்களே.) புதுச்சேரியில் வேதியியல் கற்பிக்கும் நான், என் மாணவப் பருவத்தில் இதே இடத்தில் தடுமாறியவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பாடநூல்களில் அமினோ அமிலத்தை ஒரு பக்கம் அமினோ தொகுதியும் மறுபக்கம் கார்பாக்சில் தொகுதியும் கொண்டதாக வரைகிறோம். படிகத்திலோ நடுநிலைக் கரைசலிலோ அந்த உருவில் மூலக்கூறு இருப்பதில்லை. கார்பாக்சிலின் புரோட்டான் நைட்ரஜனுக்குச் சென்றுவிட, ஒரு முனையில் நேர்மின் சுமையுள்ள அமோனியம் தொகுதியும் மறுமுனையில் எதிர்மின் சுமையுள்ள கார்பாக்சிலேட் தொகுதியும் கொண்ட ஸ்விட்டர் அயனியாகவே அது இருக்கிறது. கிளைசின் சாதாரணக் கரிம அமிலங்களைப் போலத் தாழ்ந்த வெப்பநிலையில் உருகாமல், 230 டிகிரி செல்சியசைக் கடந்த பின் சிதைவதற்கும் இந்த அயனித் தன்மையே காரணம்.

கார்பாக்சில் தொகுதியில் ஓர் ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பாலும் மற்றொன்று ஒற்றைப் பிணைப்பாலும் கார்பனோடு இணைந்திருப்பதால், வலிமை மிக்க இரட்டைப் பிணைப்பு தனித்து அதிர்ந்து 1700-க்கு மேல் ஒரு கூர்மையான பட்டையைத் தருகிறது. புரோட்டான் நீங்கியதும் எதிர்மின் சுமை இரு ஆக்சிஜன்களிலும் பரவி, இரண்டு பிணைப்புகளும் ஏறக்குறைய ஒரே நீளமும் ஒரே வலிமையும் பெற்றுவிடுகின்றன. அதன் பின் அவை தனித்தனியாக அதிர இயலாது. ஒன்று நீளும்போது மற்றொன்று சுருங்கும் சமச்சீரற்ற அதிர்வாகவும், இரண்டும் சேர்ந்து நீண்டு சுருங்கும் சமச்சீர் அதிர்வாகவும் அவை இணைந்து இயங்குகின்றன. முன்னது 1600-ஐ ஒட்டியும் பின்னது 1400-ஐ ஒட்டியும் தோன்றும். உங்கள் 1585, 1395 பட்டைகள் இவைதாம். பட்டை காணாமற்போகவில்லை, தான் இருக்கும் தொகுதியின் உண்மையான உருவுக்கேற்ப இடம் மாறியிருக்கிறது. 1490-இல் உள்ளது அமோனியம் தொகுதியின் சமச்சீர் வளைவு. 2600 முதல் 3100 வரை மலைத்தொடர் போல் அகன்று கிடப்பது அதே தொகுதியின் ஹைட்ரஜன் பிணைப்புற்ற நீட்சி அதிர்வுகளின் தொகுப்பு.

இதை நூலின் மேல் நம்பிக்கை வைத்து ஏற்க வேண்டியதில்லை. கையால் செய்து பார்க்கலாம். சிறிதளவு கிளைசினை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, நன்கு உலர்த்தி, கிளைசின் ஹைட்ரோகுளோரைடாக்கிப் பதிவு செய்யுங்கள். கிளைசினின் அமில முனையின் பி.கே.ஏ. மதிப்பு, அதாவது அம்முனைகளில் பாதி புரோட்டானை இழந்திருக்கும் பி.எச். அளவு, 2.34; அதற்கு மிகக் கீழான பி.எச். கொண்ட அமிலச் சூழலில் கார்பாக்சிலேட் தன் புரோட்டானைத் திரும்பப் பெற்றுவிடுவதால், நீங்கள் தேடிய பட்டை 1700-க்கு மேல் எழுந்து நிற்கும். இந்த ஒப்பீட்டுக்குப் பொட்டாசியம் குளோரைடு வில்லையையே (மாதிரியை உப்புத் தூளோடு அரைத்து அழுத்திய மெல்லிய தட்டு) பயன்படுத்துங்கள். ஹைட்ரோகுளோரைடு உப்புகள் பொட்டாசியம் புரோமைடோடு அழுத்தப்படும்போது குளோரைடும் புரோமைடும் இடம் மாறிக்கொள்ளக் கூடும்.

வில்லையைப் பற்றிப் பேசும்போது நம் கடற்கரைக் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் என் முதல் நிறமாலையைக் கெடுத்தது அதுதான். ஐப்பசி மழைக் காலத்தில், திறந்து வைத்திருந்த புட்டியிலிருந்து பொட்டாசியம் புரோமைடை எடுத்து, ஒரு மில்லிகிராம் மாதிரிக்கு நூறு மில்லிகிராம் என்ற கணக்கில் அகேட் கல்வத்தில் அரைத்து வில்லையாக்கினேன். 3440-இலும் 1640-இலும் அகன்ற பட்டைகள் கிடைத்தன. 1640-ஐ அமோனியம் தொகுதியின் வளைவு என்று அட்டவணையில் எழுதிக்கொண்டு சென்றேன். என் ஆசிரியர் ஒரு சொல்லும் சொல்லாமல், மாதிரியே சேர்க்காத வெறும் பொட்டாசியம் புரோமைடு வில்லையைக் கருவியில் வைத்துப் பதிவு செய்து காட்டினார். இரண்டு பட்டைகளும் அங்கேயே இருந்தன; இரண்டும் நீருக்குரியவை. அன்று முதல், உப்பை 110 டிகிரியில் உலர்த்தி, ஈரம் புகாத மூடிய கலமான டெசிகேட்டரில் வைக்காமலும், வெறும் வில்லையைப் பதிவு செய்யாமலும் நான் எந்த மாதிரியையும் தொட்டதில்லை. உங்கள் ஆய்வேட்டின் பின்னிணைப்பிலும் அந்த வெறும் வில்லையின் பதிவைச் சேர்த்துவிடுங்கள். வைரத் தளத்தின் மீது தூளை அழுத்திப் பதிவு செய்யும் ஏ.டி.ஆர். முறையில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் வைரமே 2000 முதல் 2300 வரையிலான பகுதியில் ஒளியை உட்கவர்வதால், ஸ்விட்டர் அயனிக்கு நற்சான்றான, 2100-க்கும் 2200-க்கும் இடையே வரும் அமோனியத்தின் சேர்க்கைப் பட்டை (இரு அதிர்வுகள் சேர்ந்து தருவது) அங்கே மங்கிப் போகக் கூடும்.

இனி இரண்டாம் கேள்வி. உங்கள் பட்டியலில் மிகவும் பொருள் பொதிந்த எண் 929. கிளைசின் சாதாரண அழுத்தத்தில் ஆல்பா, பீட்டா, காமா என மூன்று படிக வடிவங்களில் கிடைக்கிறது. தூய நீரில் வளர்த்தால் பெரும்பாலும் ஆல்பாவே கிடைக்கும். அதற்கு 910-ஐ ஒட்டி ஒரு பட்டை உண்டு. காமா வடிவில் அது 930-ஐ ஒட்டி அமைகிறது. மூலக்கூறு ஒன்றே, அண்டை மூலக்கூறுகளோடு அது கொள்ளும் ஹைட்ரஜன் பிணைப்புகள் மட்டுமே வேறு. அந்த வேறுபாட்டை இருபது எண்கள் தள்ளி எழுதிக் காட்டும் இந்தக் கருவியின் நுட்பம் இன்றும் எனக்கு வியப்பளிக்கிறது. சோடியம் குளோரைடு கலந்த கரைசல் காமா வடிவத்தைத் தரும் என்பதும் நெடுநாளாக அறியப்பட்டதே. எனவே உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் காமா கிளைசின். அது மையச் சமச்சீர் (மையப் புள்ளி ஒன்றின் இருபுறமும் எதிரெதிராக ஒத்திருக்கும் அமைப்பு) இல்லாத படிகம் ஆதலால், வலிமையான லேசர் ஒளியைச் செலுத்தும் நேரிலா ஒளியியல் சோதனையில் இரண்டாம் ஒத்திசை ஒளியையும், அதாவது இருமடங்கு அதிர்வெண் கொண்ட ஒளியையும், தரும். அந்த ஒளி வந்ததனாலேயே புதிய சேர்மம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். கிளைசினோடு ஏதேனும் ஓர் உப்பைக் கலந்து வளர்த்துப் புதிய படிகம் என்று வெளியிடப்பட்ட கட்டுரைகள் சில, அது வெறும் கிளைசின்தான் என்று பின்னர் மறுக்கப்பட்டிருக்கின்றன. அந்த வரிசையில் உங்கள் உழைப்பும் சேர்ந்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

அகச்சிவப்பு நிறமாலையால் அணுக்களின் இடங்களை அளந்து சொல்ல முடியாது. இடக்கை அலனினும் வலக்கை அலனினும் ஒரே நிறமாலையைத் தரும். இரண்டும் சரிபாதியாகக் கலந்து விளைந்த படிகம் மட்டும் வேறு விதமாக அடுக்கப்படுவதால் வேறு நிறமாலையைத் தருகிறது. தொகுதிகள் எந்த நிலையில் இருக்கின்றன, அவற்றைச் சூழ்ந்திருப்பவை எவை என்பதைத்தான் இக்கருவி உணர்த்தும். படிக அமைப்பை உறுதிசெய்ய எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு ஆய்வு வேண்டும்.

அதற்கு முறை கிடைக்கும் வரை உங்கள் ஆய்வகத்திலேயே ஒன்று செய்யலாம். தெளிவான ஒரு படிகத்தைத் தேர்ந்து, மேலே ஒட்டியுள்ள தாய்க் கரைசலை (படிகம் வளர்ந்த கரைசலை) குளிர்ந்த நீரில் விரைவாகக் கழுவித் துடைத்துவிட்டு, வாலை வடிநீரில் கரைத்து, சில துளி நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து, பின் வெள்ளி நைட்ரேட் கரைசலை விடுங்கள். சோடியம் குளோரைடு உண்மையாகவே படிகத்தின் பகுதியாக அமைந்திருந்தால் தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு உடனே இறங்கும். கரைசல் தெளிவாகவே இருந்தால், ஆய்வேட்டின் தலைப்பில் காமா கிளைசின் என்றே எழுதுங்கள்.